இருபத்துநாலு பூனைக்கு முப்பத்தொரு நாடா

இருபத்தைந்தாவது பூனையின் கழுத்திலும் நீல நாடா இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. நாடா இருந்ததில் தப்பில்லை, கட்டிவிட்டதே அவள்தான். ஆனால் அவள் கட்டியது மொத்தம் இருபத்துநாலு பூனைகளுக்கு. இருபத்தைந்தாவது, குப்பைத் தொட்டி மூடியின்மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டே, 'என்ன முழிக்கிறே?' என்பதுபோல் அவளை ஒரு பார்வை பார்த்தது.

ஒரே பூனையை இரண்டு தடவை எண்ணிவிட்டோமோ என்று குறித்துவைத்ததைச் சரிபார்த்தாள். இல்லை. மூன்றாவது கட்டடத்தின் பின்னால் இருபத்தாறு. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருபத்தேழும் இருபத்தெட்டும். சுற்றுச்சுவர் முனைக்கு வருவதற்குள் முப்பத்தொன்று ஆகிவிட்டது. அந்த முப்பத்தொன்றாவது பூனையின் நாடாவில் ஓரமாக வெள்ளைப் பூவேலை வேறு. நகராட்சி வாங்கித் தந்த நாடாவில் பூவேலை கிடையாது. நகராட்சி எதிலுமே பூவேலை செய்ததில்லை.

அவள் உயிரினங்களை எண்ணுகிறவள். ஒரு குளத்தில் எத்தனை தவளை, ஒரு புல்வெளியில் எத்தனை வெட்டுக்கிளி என்று, எல்லாவற்றையும் பிடித்து வரிசையில் நிறுத்தாமலேயே கணக்குச் சொல்வது அவள் படித்த படிப்பு. பட்டம் வாங்கியது சதுப்பு நிலத்து நத்தைகளை எண்ணி. நத்தைகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. முதுகில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிட்டால் அதைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லாமல் தன் வழியே போய்விடும். அக்கம்பக்கத்தில் யாரும் அதற்குப் பரிந்துகொண்டும் வரமாட்டார்கள்.

பூனை விஷயம் அப்படியில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிய ஆரம்பித்திருந்தது.

ஆறு கட்டடங்கள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து நகராட்சிக்கு மாதம் தவறாமல் ஒரு புகார் வந்துகொண்டிருந்தது. எழுதுகிறவர் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு மனிதர். பூனைகள் கத்துகின்றன, தூங்க முடியவில்லை, நடவடிக்கை எடுக்கவும். குடியிருப்பில் அவருக்குப் பெயரே புகார்க்காரர் என்று ஆகிவிட்டது. தொல்லை தாங்காமல் சுகாதார அதிகாரி இவளை ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுத்தார்.

"தெருப்பூனை ஐம்பதுக்குக் கீழேன்னா விட்டுடலாம்மா. ஐம்பதைத் தாண்டினா அத்தனையையும் பிடிச்சு ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்பணும். மேலிடத்து உத்தரவு. எனக்கு ஒரு நம்பர் வேணும். நம்பர் ஒழுங்கா வந்துட்டா உங்க வேலையையும் நிரந்தரம் பண்ணிடலாம்."

அந்தக் கொட்டகையை அவள் ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தாள். அங்கே பூனைகள் உள்ளே போன கணக்கு இருந்தது, வெளியே வந்த கணக்கு இல்லை. ஆனாலும் எண்ணிக்கை என்பது எண்ணிக்கை. வந்தது வந்தபடி எழுதுவதுதான் முறை என்று நினைக்கிற ரகம் அவள்.

வேலைக்கு நகராட்சி ஒரு வண்டியும் கொடுத்தது. பின்னால் கூண்டுகள் அடுக்கிய பழைய வேன். ஊரில் அதற்குக் கூண்டு வண்டி என்று பெயர். அதை ஏழு வருஷமாக ஓட்டுகிறவர் நரைத்த மீசைக்கார ஓட்டுநர். வாய் ஓயாமல் டீ குடிப்பார். வாய் ஓயாமல் பேசவும் செய்வார்.

முதல் நாள் முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "வணக்கங்க, நான் ஆய்வாளர்" என்றாள்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. "இன்ஸ்பெக்டரா? என் பையன் இங்கே இல்லைங்க. அவன் இங்கே வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு."

உள்ளேயிருந்து, "யாருப்பா அது?" என்று ஒரு இளம் குரல் கேட்டது.

"நீ உள்ளே கிட!"

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த மூன்று வீடுகளிலும் கிட்டத்தட்ட இதேதான். ஓட்டுநர் மெல்ல இருமினார்.

"மேடம், நீங்க பூனையைப் பாருங்க. மனுஷங்களை நான் பார்த்துக்கறேன்."

அந்த ஏற்பாடு அவளுக்கும் வசதியாக இருந்தது. அவள் மீன் துண்டு வைத்துக் கூண்டு வைப்பாள். ஓட்டுநர் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து டீ குடிப்பார். ஒரு வாரத்தில் இருபத்துநாலு பூனைகளுக்கு நாடா கட்டினாள். ஒற்றைக்கண் கிழட்டுக் கடுவன் பூனை ஒன்று மட்டும் தினமும் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தது. முதல் நாளே நாடா கட்டியாகிவிட்டது. மீன் ருசி கண்டுகொண்ட அது அவளைத் தன் சமையல்காரியாகவே முடிவு செய்துவிட்டது. கூண்டைத் திறந்தாலும் வெளியே போகாது.

"இதனால எப்படி மேடம் மொத்தக் கணக்குத் தெரியும்?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"சுலபம் அண்ணே. கட்டி விட்டுட்டோமா? ஒரு வாரம் கலந்து திரியட்டும். அப்புறம் விடிகாலையில ஒரு சுத்து நடந்து போய்க் கண்ணுல படறதை எல்லாம் எண்ணுவேன். பார்த்ததுல பாதிக்கு நாடா இருந்தா, நாம கட்டினது மொத்தத்துல பாதின்னு அர்த்தம். அப்போ மொத்தம் நாற்பத்தெட்டு. கால்வாசிக்குத்தான் இருந்துச்சுன்னா மொத்தம் தொண்ணூத்தாறு."

"எல்லாத்துக்கும் இருந்துச்சுன்னா?"

"அப்போ மொத்தமே இருபத்துநாலுதான்."

"ஒண்ணுக்குமே இல்லைன்னா?"

"அப்படியெல்லாம் நடக்காது அண்ணே. நாடா அவுந்து விழக்கூடாது, நாடாவால பூனைக்கு நல்லதோ கெட்டதோ வரக்கூடாது. இது ரெண்டும் சரியா இருந்தா கணக்குத் தப்பாது."

இப்போது சுற்றுச்சுவர் முனையில் நின்றுகொண்டு அந்தத் தப்பாத கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கண்ணில் பட்டவை நாற்பது. நாடா உள்ளவை முப்பத்தொன்று. கட்டியது இருபத்துநாலு. பெருக்கி வகுத்தால், குடியிருப்பில் உள்ள மொத்தப் பூனைகள் முப்பத்தொன்று.

கண்ணால் பார்த்ததே நாற்பது.

தரைத்தளத்தில் ஜன்னல் ஓரம் தையல் இயந்திரம் வைத்திருக்கும் தையல்காரம்மா இவளைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"பூனைக்காரம்மா! இங்க வாங்களேன். உங்ககிட்ட அந்த நீல நாடா மிச்சம் இருக்கா? என்கிட்ட தீர்ந்துபோச்சு. கடைசியா ஒரு பாவாடை ஓரத்துப் பூ நாடாவைத்தான் வெட்டிக் கட்டினேன்."

"நீங்களா கட்டினீங்க?"

"நான் மட்டுமா? மேல தபால்காரர் ரெண்டு கட்டினாரு. நாலாவது கட்டடத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்க தலை ரிப்பனை அவுத்துக் கட்டியிருக்காங்க. நாடா இல்லாத பூனையை எல்லாம் வண்டியில ஏத்திடுவாங்களாமே?"

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க" என்றாள் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. "பாவம்ங்க. வாயில்லாச் சீவன். நாம பார்த்துட்டே இருக்க முடியுமா?"

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் கணக்குத் தணிக்கை செய்கிறவன். பூனை முடி பட்டால் தும்முவான். தப்பான கூட்டல் பட்டாலும் ஏறக்குறைய அதேதான்.

"நீ வெளியே விட்டது இருபத்துநாலு. திரும்பி வந்தது முப்பத்தொண்ணு. எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு மோசடி. உங்க படிப்புல என்ன பேரு?"

"விளையாடாதீங்க. உண்மையில எத்தனை இருக்கும்னு எனக்கு ஒரு அனுமானம் இருக்கு."

"எத்தனை?"

"ஐம்பதுக்கு மேல." அவள் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்போ குறைச்சு எழுதிடேன்."

"அது எப்படிங்க முடியும்? நத்தையைக்கூட ஒண்ணு கூட்டிக் குறைச்சு எழுதினதில்லை நான்."

அவன் ஒரு தும்மல் தும்மினான்.

மறுநாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஜனங்களிடம் நேரில் பேசிப் புரியவைத்துவிட வேண்டியதுதான். முற்றத்தில் ஒரு கூட்டம் போட்டாள். வந்தவர்கள் ஐந்தே பேர். தையல்காரம்மா, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வந்த ஒருவர். இரண்டாவது மாடி ஜன்னலில் புகார்க்காரரின் தலை தெரிந்தது. வண்டியின்மேல் சாய்ந்துகொண்டு ஓட்டுநரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாடாவுக்கும் வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க" என்று அவள் ஆரம்பித்தாள். "நாடா கட்டினா காப்பாத்துவோம்னு அர்த்தம் இல்லை."

"அப்போ காப்பாத்த மாட்டீங்களா?" என்றார் தபால்காரர்.

"அப்படிச் சொல்லலைங்க. நாடா வெறும் அடையாளம்."

"எதுக்கு அடையாளம்?"

"மறுபடியும் பிடிக்கும்போது தெரியணும் இல்லையா?"

சொல்லி முடிக்கும் முன்பே தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் அந்த வார்த்தை எத்தனை சாதுவாக இருந்தது! முற்றத்தில் அதைச் சொன்னபோது ஒரு குழந்தைகூட அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"மறுபடியும் பிடிப்பீங்க" என்று தபால்காரர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"பிடிக்கறதுன்னா, பிடிக்கறது இல்லைங்க, பார்க்கறது..."

"புரியுதும்மா. எனக்கு நல்லாவே புரியுது."

கேட்டவர்கள் ஐந்து பேர்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் ஆறு கட்டடத்துக்கும் சேதி போய்விட்டது. ஆளாளுக்குக் கத்தரிக்கோலோடு கீழே இறங்கினார்கள்.

அடுத்த விடிகாலை அவள் சுற்றி நடந்தபோது முப்பத்தெட்டுப் பூனைகள் கண்ணில் பட்டன. ஒன்றின் கழுத்திலும் நாடா இல்லை. அந்த ஒற்றைக்கண் கடுவன் மட்டும் நாடா இருந்த இடத்தில் முடி கொஞ்சம் படிந்து, திருமண மோதிரத்தைத் தொலைத்தவன்போல நின்றது.

கணவனின் கால்குலேட்டரை வாங்கி இருபத்துநாலை முப்பத்தெட்டால் பெருக்கி, பூஜ்யத்தால் வகுத்தாள். அது 'பிழை' என்று காட்டியது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுகாதார அதிகாரி போன் செய்தார்.

"என்னம்மா, நம்பர் வந்துச்சா?"

"சார்... இப்போதைக்குக் கணக்குப்படி பார்த்தா முடிவிலின்னு வருது சார்."

"முடிவிலியா?" மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம். "எத்தனை இலக்கம் அது?"

"அதுக்கு இலக்கமே கிடையாது சார். அப்படின்னா எல்லையே இல்லாத..."

"அதெல்லாம் வேண்டாம்மா. எத்தனை கூண்டு எடுத்துட்டு வரணும்னு மட்டும் சொல்லுங்க."

"ஒரு வாரம் குடுங்க சார். வேற முறை ஒண்ணு இருக்கு."

வேறு முறை இருக்கத்தான் செய்தது. தொடவே வேண்டாம். ஒவ்வொரு பூனைக்கும் மேனியில் கோடும் திட்டும் தனித்தனி. இரண்டு பூனைக்கு ஒரே மாதிரி இருக்காது. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி எடுத்த படங்களோடு ஒப்பிட்டாலே பழையது எது, புதியது எது என்று தெரிந்துவிடும். காட்டில் புலிகளை எண்ணுவதுகூட இப்படித்தான். புலிக்குச் சரிப்படுவது பூனைக்குச் சரிப்படாதா?

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்தாள். அருமையாக வந்தன. மஞ்சள் வரி, கறுப்பு வெள்ளை, மூக்கில் மை கொட்டிய மாதிரி ஒன்று. ஓட்டுநருக்கும் காட்டினாள்.

"இதை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடலாமா மேடம்?"

"தப்பவே முடியாது அண்ணே. மேல இருக்கிற கோடு போதும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பலே" என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து இரண்டாவது சுற்றுக்குப் போனபோது, எதிரில் வந்த முதல் பூனை கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தது.

அவள் கேமராவை இறக்கினாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். சட்டையேதான். பக்கத்தில் இரண்டு பித்தான்கூட வைத்துத் தைத்திருந்தது. அதற்குப் பின்னால், காலுறையின் அடிப்பக்கத்தை வெட்டி மாட்டிவிட்ட ஒரு மெலிந்த பூனை, நடக்கத் தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பின்னல் ஸ்வெட்டர் போட்ட ஒன்று வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது. வரியும் தெரியவில்லை, திட்டும் தெரியவில்லை.

தையல்காரம்மாவின் வீட்டு வாசலில் ஆறு பேர் ஆளுக்கொரு பூனையோடு அளவு கொடுக்க நின்றிருந்தார்கள்.

"என்னக்கா இது?" என்றாள் அவள். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

"கோச்சுக்காதீங்க பூனைக்காரம்மா" என்றாள் தையல்காரம்மா, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "போட்டோ எடுத்தாச்சுன்னா அது வாரண்ட் மாதிரியாமே. மேல இருக்கிற கோட்டை வெச்சு ஆளை அடையாளம் கண்டுபிடிச்சு நேரா வந்து தூக்கிடுவீங்களாமே. அதான் கோடு தெரியாம பண்ணிட்டோம்."

அவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தப்பு யாருடையது? தன்னுடையதுதான். தனக்கு மனிதர்களிடம் பேசத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் ஒன்று இன்ஸ்பெக்டர் ஆகிறோம், இல்லாவிட்டால் எமன் ஆகிறோம். ஒற்றைக்கண் கடுவன் எங்கிருந்தோ வந்து அவள் செருப்பை முகர்ந்து பார்த்தது. மீன் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அதன்மேல் மட்டும் சட்டை இல்லை. அதற்குச் சட்டை போட யாருக்கும் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் குடியிருப்பில் ஒரு பூனைகூட வெளியே இல்லை. சுவரெல்லாம் காலி. குப்பைத் தொட்டி மூடி காலி. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே எங்கெங்கோ மியாவ் என்ற சத்தமும், "ஷ்ஷ்ஷ்!" என்ற சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

சுகாதார அதிகாரி பொறுமை இழந்து தானே நேரில் வந்துவிட்டார். கையில் உத்தரவு, பின்னால் இன்னொரு வண்டி நிறையக் கூண்டுகளும் பூனை பிடிக்கிற ஆட்களும்.

"உங்க முறையெல்லாம் போதும்மா. ஒவ்வொரு வீடாப் போவோம். தலையை எண்ணுவோம். யாரோட பொறுப்பிலயும் இல்லாத பூனைதான் தெருப்பூனை. அதை நீங்க எழுதுங்க, இவங்க கூண்டுல போடட்டும்."

அவள் பேனாவை எடுத்தாள். இந்த முறையில் ஊகம் எதுவும் இல்லை, எல்லாவற்றையும் எண்ணியே தீரவேண்டும். எண்ணினால் ஐம்பதைத் தாண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் கதவைத் தட்டினார்கள். தையல்காரம்மா நான்கு பூனைகளைக் கையிலும் தோளிலுமாக வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இதெல்லாம் யாரோடது?" என்றார் அதிகாரி.

"என்னோடதுதான் சார். வீட்டுப் பூனைங்க."

"நாலுமா? பேர் சொல்லுங்க பார்ப்போம்."

தையல்காரம்மா யோசிக்கவே இல்லை. "ஊசி, நூலு, பித்தான், இது கத்திரி. கொஞ்சம் கோபக்காரி, கையை வெச்சுடாதீங்க."

மாடியில் தபால்காரர் மூன்றோடு தயாராக நின்றார். கேட்கும் முன்பே சொன்னார். "இது சாதாத் தபால். இது பதிவுத் தபால். அதோ அலமாரி மேல இருக்கு பாருங்க, எக்ஸ்பிரஸ். என் பொறுப்புல இருக்குங்க. எழுதிக்கோங்கம்மா."

அவள் எழுதிக்கொண்டாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவு கதவாகப் போகப் போகச் சிரிப்பு எங்கோ போய்விட்டது, ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினாள். முதல் நாள் சங்கிலி போட்ட கதவு இப்போது அகலமாகத் திறந்தது. வீட்டிலேயே இல்லாத அந்தப் பையன் இரண்டு குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய அப்பா, "ரெண்டு வருஷமா இங்கதான் சார்" என்றார். குட்டிகளைச் சொன்னாரா, பையனைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது புகார்க்காரரின் வீடு. அதிகாரி உற்சாகமாக மணியை அழுத்தினார். "இவர்தான் நம்ம ஆளு. இவர்கிட்ட பூனை இருக்காது. வெளியில எங்கெங்கே ஒளிஞ்சிருக்குன்னு இவரே காட்டிக்கொடுப்பார்."

கதவு திறந்தது. புகார்க்காரர் நின்றார். அவர் கையில் ஒற்றைக்கண் கடுவன் இருந்தது. அவருடைய முழங்கை வரைக்கும் பிறாண்டல்.

அதிகாரி பூனையையும் பிறாண்டலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா... இதைப் பத்தித்தானே நீங்க இத்தனை கடுதாசி எழுதினீங்க?" என்றார் அதிகாரி.

"ஆமாம்."

"இது இப்போ யாரோடது?"

"என்னோடது. கேள்வி கேட்காதீங்க."

"பேரு?"

புகார்க்காரர் பூனையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில், "புகார்" என்றார்.

"கூப்பிட்டா வருமா?"

"நான் கூப்பிட்டதில்லை. அதுவா ஜன்னலுக்குக் கீழே வந்து கத்தும். நேத்து ராத்திரி, வீடு வீடா எண்ண வர்றாங்கன்னு கேள்விப்பட்டு ஜனங்க எல்லாம் பூனைங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினப்போ, இதை யாரும் கூப்பிடலை. அது பாட்டுக்குக் கீழேயே நின்னுச்சு. கத்தக்கூட இல்லை." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சத்தமே இல்லாம எப்படிங்க தூங்கறது?"

அவள் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

முற்றத்தில் வந்து கூட்டிப் பார்த்தாள். வீடுகளில் உள்ள பூனைகள் அறுபத்து மூன்று. யாருடைய பொறுப்பிலும் இல்லாதவை? பூனை பிடிக்கிற ஆட்கள் புதர், மாடி, தொட்டி எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றார்கள்.

"தெருப்பூனை பூஜ்யம் சார்" என்றாள்.

"பூஜ்யமா?"

"பூஜ்யம்."

"போன வாரம் முடிவிலின்னு சொன்னீங்க!"

"ஆமா சார். மன்னிச்சுக்கோங்க."

வேலை போய்விட்டது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். ஆனால் அதிகாரியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டே போனது.

"முடிவிலியிலேர்ந்து பூஜ்யத்துக்கு, ஒரே வாரத்துல! ஒரு பூனையைக்கூடப் பிடிக்காம! என்னம்மா நீங்க! எங்க ஆளுங்க பத்து வருஷமாப் பிடிச்சும் எந்தப் பேட்டையிலயும் பூஜ்யம் வந்ததில்லை. உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி இன்னிக்கே எழுதிடறேன். திங்கக்கிழமை ஆற்றங்கரைப் பேட்டைக்குப் போங்க. அங்கே இதைவிட மோசம். அங்கேயும் இதே முறையைப் பண்ணிடுங்க."

"எந்த முறை சார்?"

"அதான், இங்கே பண்ணினீங்களே, அது" என்றுவிட்டு அவர் காரில் ஏறிக்கொண்டார்.

அவள் கூண்டு வண்டியின் முன்சீட்டில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. பூனைகள் பிழைத்ததில் மனசு நிறைந்திருந்தது. ஆனால் படித்த படிப்பு முழுக்கத் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலை அண்ணே. போட்ட கணக்கு ஒண்ணுகூடச் சரியா வரலை. ஒவ்வொரு தடவையும் நான் ஒண்ணு சொல்ல, ஜனங்க ஒண்ணு புரிஞ்சுக்கிட்டாங்க. எனக்குப் பேசவே தெரியலை. ஆற்றங்கரையில போய் என்ன சொல்லப்போறேனோ..."

ஓட்டுநர் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். பின்னால் காலிக் கூண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க மேடம்? நீங்க பாட்டுக்கு எண்ணுங்க. எந்தச் சேதியை முதல்ல கிளப்பி விடட்டும்னு மட்டும் சொல்லுங்க: நாடா இல்லாததைத்தான் பிடிப்பாங்கன்னா, இல்லை, நாடா இருக்கிறதைத்தான் பிடிப்பாங்கன்னா?"